கடனில் பிடித்த இன்சூரன்சுப் பணம்: கேட்டு வாங்குவது எப்படி?

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய உரை)



பேரணையில் தண்ணீர் திறந்து பெரியாறு கால்வாயில் ஓட ஆரம்பித்துவிட்டால் நம்ம சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. நாற்றங்கால், உழவு, நடவு என்று வேலைக்கு மேல் வேலை. எல்லாத்துக்கும் முன்னால் பணம் வேணும். ஆண்கள் சொசைட்டிக்கும் பாங்கிக்கும் நடப்பார்கள். பெண்கள் குழுக் கடன் வாங்குவார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கோ வருஷம் பூராவும் செலவு.

கடன் வாங்கலாமா, வேண்டாமா என்று பேச நான் வரவில்லை. வாங்குகிற கடனில், நம்மைக் கேட்காமலே பிடிக்கிற ஒரு பணத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 1,00,000 ரூபாய் கடன் மஞ்சூர் ஆகிறது. கைக்கு வருவது 94,000. "மீதி எங்கேங்க?" என்று கேட்கிறார். "ஆயிரம் ரூபாய் பரிசீலனைக் கட்டணம், ஐயாயிரம் இன்சூரன்சு" என்று பதில் வருகிறது. "நான் இன்சூரன்சே கேக்கலையே?" என்றால், "அது எல்லாருக்கும் போடுறதுதான். அது போட்டாத்தான் லோன் பாஸாகும்" என்கிறார்கள். நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. வந்தவரை லாபம் என்று அவரும் திரும்பிவிடுகிறார்.

போனது ஐயாயிரம் மட்டும்தானா? வட்டி 94,000-த்துக்குப் போடுவதில்லை, முழு லட்சத்துக்கும் போடுகிறார்கள். நூற்றுக்கு 12 வட்டி என்று வைத்துக்கொண்டால், அந்த ஐயாயிரத்துக்கு மட்டும் ஒரு வருஷத்தில் 600 ரூபாய். கையில் வாங்காத பணத்துக்கு வட்டி!

இன்சூரன்சே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கியவர் திடீரென்று காலமாகிவிட்டால், கடனைக் கட்ட முடியாமல் குடும்பம் தவிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்டதுதான் இந்தக் கடன் காப்பீடு. இன்ன பாலிசி, இன்ன தொகை, இத்தனை வருஷம் என்று சொல்லி, நம் சம்மதத்தோடு போட்டால் நல்லதுதான். சொல்லாமல் போடும்போதுதான் இரண்டு கேடு வருகிறது. ஒன்று, பணம் போகிறது. இரண்டாவது, அதைவிடப் பெரிய கேடு. பாலிசி இருப்பதே வீட்டுக்குத் தெரியாது. குடும்பத் தலைவர் போன பிறகும், இன்சூரன்சில் கழிய வேண்டிய கடனை அந்த அம்மா மாட்டை விற்று, நகையை விற்றுக் கட்டிக்கொண்டிருப்பார்.

சீமையிலும் இதே கதைதான்

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பெரிய பெரிய பாங்கிகளே கடனோடு இப்படி ஒரு இன்சூரன்சைச் சேர்த்து விற்றன. வேலை போனாலோ, நோய் வந்தாலோ தவணையை இன்சூரன்சு கட்டும் என்று சொன்னார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள், முன்பே நோய் உள்ளவர்கள் என்று, கிளெய்ம் கிடைக்கவே வழியில்லாத பேர்களுக்கும் அதை விற்றிருந்தார்கள். 2011-ல் பாங்கிகள் கோர்ட்டில் வழக்காடித் தோற்றன. அதற்குப் பிறகு அவர்கள் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல்! புகார் கொடுக்க 2019 ஆகஸ்டு 29 கடைசி நாள் என்று கெடு வைத்தார்கள். எழுதிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கெடு தாண்டி வந்தவர்களுக்குக் கதவு சாத்திவிட்டது. நாம் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: எழுதிக் கேட்க வேண்டும், காலத்தில் கேட்க வேண்டும்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

கடன் வேண்டுமானால் இந்தக் கம்பெனி இன்சூரன்சு எடுத்தே ஆகவேண்டும் என்று பாங்கிகள் கட்டாயப்படுத்தக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

குழுக் கடன் வாங்கும் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, சிறுகடன் கொடுக்கும் நிறுவனம் இன்சூரன்சு மாதிரி வேறு எதைச் சேர்ப்பதானாலும் உங்கள் முழுச் சம்மதம் வேண்டும். அதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது கடன் அட்டையில் எழுதியிருக்க வேண்டும். அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

பாங்கியிலும் பைனான்சு கம்பெனியிலும் தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடனுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு காகிதம் கொடுக்கவேண்டும். அதற்கு முக்கிய விவர அறிக்கை என்று பெயர். வட்டி, கட்டணம், இன்சூரன்சு எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமில்லாமல் வாங்கக் கூடாது.

பயிர் இன்சூரன்சு விஷயம் தனி. 2016-ல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது கடன் வாங்கிய விவசாயிக்கு அது கட்டாயம். 2020 காரிஃப் பருவத்திலிருந்து கட்டாயமில்லை. வேண்டாம் என்கிறவர்கள் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னதாக பாங்கியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், நெல்லுக்கு அது வேண்டும் என்றுதான் சொல்வேன். காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது காரிஃபில் நூற்றுக்கு 2, ராபியில் ஒன்றரை. மீதியை அரசாங்கங்கள் கட்டுகின்றன. பிரீமியத்தைப் பிடித்துவிட்டு, பாங்கி அதைக் காலத்தில் அனுப்பவில்லை, அல்லது கிராமத்தையோ பயிரையோ தப்பாகப் பதிந்துவிட்டது என்றால், அதனால் போன இழப்பீட்டுக்கு அந்த பாங்கியே பொறுப்பு. திட்ட விதியிலேயே இது இருக்கிறது. ஆகவே பிரீமியம் கட்டியதும் ரசீதை வாங்கிச் சர்வே எண்ணும் பயிரும் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் 14447 என்ற எண்ணுக்குப் போன் போடலாம்.

சொசைட்டியைக் கேள்வி கேட்கலாமா?

"சொசைட்டி நம்ம சங்கம், நாம மெம்பர். நாமே எப்படிக் கேஸ் போடுறது?" என்று பலர் தயங்குகிறார்கள். இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே பதில் கிடைத்திருக்கிறது. திருமுருகன் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்கத்தில் உறுப்பினர்கள் நெல் மூட்டைகளை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். பிறகு தகராறு வந்தது. கடனை வாங்கிக்கொண்டு மூட்டையைக் கொடுங்கள், இல்லையென்றால் அதன் மார்க்கெட் விலையை வட்டியோடு கொடுங்கள், மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு வேண்டும் என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். "1983-ஆம் வருஷக் கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளரிடம்தான் போகவேண்டும், இங்கே வரக்கூடாது" என்றது சங்கம். வழக்கு டெல்லி வரை போனது. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களோடு கூடுதலாகக் கிடைத்த வழி. உறுப்பினர் நுகர்வோர் மன்றத்துக்குத் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டது. இப்போதுள்ள 2019-ஆம் வருஷ நுகர்வோர் சட்டத்திலும் அந்த விதி அப்படியே இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை, காகிதம். கடன் பாஸ்புக், கடன் அட்டை, கணக்கு விவரம், பிரீமியம் ரசீது எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் இது குழு பாலிசியாக இருக்கும். பாலிசி பாங்கி பெயரில் இருக்கும், உங்களுக்கு ஒரு சான்றிதழ் வரவேண்டும். வரவில்லையென்றால் கேளுங்கள்.

இரண்டாவது, எழுத்து. வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். கிளை மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்: "ஐயா, என் கடன் எண் இது. இன்ன தேதியில் இன்சூரன்சுக்கு என்று இவ்வளவு ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். இதற்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் விண்ணப்பத்தின் நகலும், பாலிசிச் சான்றிதழின் நகலும் வேண்டும். பாலிசியை ரத்துச் செய்து, பிடித்த பணத்தையும் அதற்குப் போட்ட வட்டியையும் என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன்." இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தனிநபர் ஆயுள் பாலிசியாக இருந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கலாம். 2024-லிருந்து இந்த விதி இருக்கிறது. சின்னச் செலவுகளைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

மூன்றாவது, மேல் முறையீடு. பாங்கியோ பைனான்சு கம்பெனியோ 30 நாளில் பதில் சொல்லவில்லை, சொன்ன பதிலும் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். 'ரிசர்வ் வங்கி, மத்தியப் பெறுதல் மையம், செக்டார் 17, சண்டிகர் 160017' என்று முகவரி போட வேண்டும். வழி கேட்க 14448. நாள் கடத்தாமல் மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதில் சேர்ந்துவிட்டன. கிராமச் சொசைட்டி இதில் வராது. அதற்குக் கூட்டுறவுத் துணைப்பதிவாளர், மதுரை இணைப்பதிவாளர் இருக்கிறார்கள். கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

இன்சூரன்சுக் கம்பெனி மேல் குறை என்றால், முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பிறகு சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்சு குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும்.

இந்த இரண்டு இடத்திலும் காலணா கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

நுகர்வோர் ஆணையம் மதுரையிலேயே இருக்கிறது. குறை ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம். பணம், வட்டி, நஷ்டஈடு, செலவுத் தொகை நான்கையும் கேட்கலாம். விவரம் கேட்க 1915.

மூன்று எச்சரிக்கை

புகார் கொடுத்துவிட்டோமே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் தவறியவர் என்று உங்கள் பெயர் பதிவாகிவிடும். நாளைக்கு வேறு கடன் கிடைக்காது.

"நான் வாங்கித் தாரேண்ணே, பாதி எனக்கு" என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கால் காகிதம் எழுதினால் கிடைப்பதற்குக் கமிஷன் எதுக்கு? போனில் யாராவது கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, வீட்டில் கடன் வாங்கியவர் காலமாகியிருந்தால் பாலிசியை ரத்துச் செய்யக் கேட்காதீர்கள்! இறப்புச் சான்றிதழோடு போய், "இந்தக் கடனுக்கு இன்சூரன்சு பிடித்திருக்கிறீர்களா?" என்று எழுதிக் கேளுங்கள். இருந்தால் அந்தப் பணத்தில் கடன் கழியும்; மீதமிருந்தால் வாரிசுதாரருக்கு வரும்.

பெருமக்களே, நாற்று வாங்கும்போது முடிக் கணக்குப் பார்க்கிறோம். வெற்றிலை போடும்போது கவுளி எண்ணிப் போடுகிறோம். கடன் பணத்தை மட்டும் எண்ணாமல் வாங்கலாமா? இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் கடன் பாஸ்புக்கை எடுத்து, படிக்கிற பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்சு என்று ஒரு வரி இருந்தால், அது எந்தக் கம்பெனி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி வரை என்று வீட்டுக்காரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். தெரியாத பணம் போயிருந்தால் நாளைக் காலையிலேயே எழுதிக் கேளுங்கள்.