பூட்டப் பழகுவோம்

(தாராவியில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊருக்கு அஞ்சலட்டை எழுதிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். நலம் விசாரிக்க அஞ்சலட்டை போதும். நிலத் தகராறு, பெண்ணுக்கு வரன் என்றால் உறையில் வைத்து ஒட்டித்தான் அனுப்பினோம். ஒட்டியவன் குற்றவாளி என்று எவரும் சொன்னதில்லை. இன்று ரேஷன் கார்டு, ஆதார், வாடகை ரசீது, சங்க உறுப்பினர் பட்டியல் எல்லாம் கைப்பேசியில் போகின்றன. தாராவி மறுசீரமைப்பில் நமக்கு வீடு உண்டா இல்லையா என்பதே இந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. இவற்றுக்கு உறை எங்கே?

பிறர் கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரத்தை வெள்ளையன் 1885இன் தந்திச் சட்டத்திலும் 1898இன் அஞ்சல் சட்டத்திலும் எழுதிவைத்தான். 2023இல் இரண்டுக்கும் பதிலாகப் புதுச் சட்டங்கள் வந்தன, அதிகாரம் போகவில்லை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மும்பைத் தொழிலதிபர் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் பிறப்பித்த ஆணைகளை, 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நீதிமன்றம் போக எல்லோராலும் முடியுமா? பூட்டப் பழக எல்லோராலும் முடியும். 1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். திறந்த பூட்டுகளை ஊரெல்லாம் கொடு. சாவியை உன்னிடமே வை. யாரும் பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். திறப்பவன் நீ மட்டுமே. 1991இல் சிம்மர்மன் இதைச் சாதாரண மனிதரின் கணினிக்குக் கொண்டுவந்தார். இன்று ‘சிக்னல்’ செயலி இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பும் பூட்டித்தான் அனுப்புகிறது. ஆனால் அந்தச் செயலியின் நிரலைப் பிறர் படிக்க முடியாது. சிக்னலின் நிரல் திறந்தே கிடக்கிறது. திருடனுக்கு வசதியாகாதா என்பீர்கள். ரகசியம் சாவியில்தான் இருக்கிறது. பூட்டின் அமைப்பைப் பலரும் சோதித்தால் ஓட்டை சீக்கிரம் அடைபடும்.

ஆனால் தோழர்களே, பூட்டு வழியைக் காக்கும், வீட்டைக் காக்காது. திருச்சிச் சீமையில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபர் 8இல் கைதானார். தலோஜா சிறையில் அடைக்கப்பட்டு, ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5இல் பாந்த்ரா மருத்துவமனை ஒன்றில் 84 வயதில் இறந்தார். அவர் கணினியில் எவரோ வேவு நிரலை நுழைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளைப் போட்டுவைத்தார்கள் என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அது நிபுணர் அறிக்கை, தீர்ப்பு அல்ல. ஆயினும் ஒன்று தெளிவு. கருவிக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்துவிட்டால், பூட்டுமுன் எழுதுவதையும் திறந்தபின் படிப்பதையும் அவன் பார்த்துவிடுவான்.

ஆகவே, அறியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள். கைப்பேசிக்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். திரைக்கு நீளமான கடவுச்சொல் வையுங்கள். சிக்னலில் காட்டும் பாதுகாப்பு எண்ணை, நண்பரை நேரில் சந்தித்து ஒப்பிடுங்கள். பழைய செய்திகள் தானே அழியும்படி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எதிர்முனையில் இருப்பவரும் பழகாவிட்டால் நம் பூட்டு வீண். தனியாளாகச் செய்ய முடியாத காரியம் இது. சங்கம் செய்ய வேண்டிய காரியம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தோழர்களே, கற்றவர் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்குக் கற்றுக்கொடுங்கள்.