பள்ளத்தில் இருப்பவர்களும் ஏறிவரும் கடலும்



மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. மழை பெய்தால் முதலில் யார் வீட்டில் தண்ணீர் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். இந்த நினைவு நாளில் அதே கணக்கைக் கடலோரத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பூமி சூடாவதால் கடல்நீர் விரிகிறது. பனிமலைகள் உருகிக் கடலில் சேர்கின்றன. நெதர்லாந்தில் கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பணம் இருப்பதால் அங்கே அணையும் மதகும் காக்கின்றன. இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் சுந்தரவனத்தில் பெரும்பாலும் மண்கரைதான் காவல்.

இந்தியப் பக்கத்தில் லோகாசரா தீவு மூழ்கிவிட்டது. அருகிலுள்ள கோராமாரா பாதிக்குமேல் கரைந்துபோனது. கடல் ஏறுகிறது, டெல்டா மண் அமிழ்கிறது, ஆறு கரையை அரிக்கிறது. மூன்றும் சேர்ந்த வேலை இது. 2009 மே மாதம் அய்லா புயலில் கரைகள் உடைந்து உப்புநீர் வயலுக்குள் புகுந்தது. உப்பேறிய மண்ணில் நெல் விளையாது, குளத்து நீரைக் குடிக்க முடியாது. நிலம் உள்ளவருக்குக் காட்டப் பட்டாவாவது இருக்கும். கூலிக்காரருக்குப் போனது வேலை. அதற்கு ஏது பட்டா? பலர் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்கு வந்தார்கள். நாம் 'வடக்கன்' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களில் கடல் துரத்தியவர்களும் உண்டு.

அதே சுந்தரவனத்துக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுத்தது வங்கம். அதற்காக உழைத்தவர் நாமசூத்திரரான ஜோகேந்திரநாத் மண்டல். பிரிவினைக்குப்பின் அகதிகளான நாமசூத்திரர்கள் தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1978இல் அவர்கள் திரும்பிவந்து மரிச்ஜாபி தீவில் குடியேறினார்கள். தாமே கரை எழுப்பினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1979 ஜனவரியில் அரசு தீவை முற்றுகையிட்டது. மே மாதம் அடித்து விரட்டியது. சொல்லப்பட்ட காரணம், காட்டைக் காப்பது. செத்தவர்களின் கணக்குகூட ஒழுங்காக எழுதப்படவில்லை.

கடல் சாதி பார்க்காது என்பார்கள். யார் பள்ளத்தில் இருப்பது என்பதைக் கடல் வருவதற்கு முன்பே சாதி முடிவுசெய்துவிட்டதே! 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்திலும் கடலிடம் நிலத்தை இழந்தவருக்குத் தனியிடம் இல்லை.

பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிறவர்கள் நாம். எனவே நாம் கேட்கவேண்டியது நிவாரண அரிசியோடு நின்றுவிடக் கூடாது. மூழ்கும் ஊரிலிருந்து எழுப்பப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிலமற்ற குடும்பம் உட்பட, மேட்டில் நிலம் வேண்டும், பட்டாவோடு வேண்டும். இடம்மாறிய சேரியாக அது இருக்கக் கூடாது.

ஜெய்பீம்.