அட்டையிலேயே இருந்த எண்
(போடிமெட்டில் நடந்த அங்கத்தினர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1979-ல் இதே போடிமெட்டு செக்போஸ்ட்டில் எனக்கு ராத்திரி டியூட்டி. மலைக்குளிருக்கு சிகரெட் துணையாயிற்று. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன், நிகோடின் என்னவென்று தெரியும். இருந்தும் 39 வருஷம் விடவில்லை. கொல்லைப்புறத்தில் ஒளிந்து பிடித்ததுதான் மிச்சம்.

2018-ல் டாக்டர் கண்டித்தார். ஒரு தனியார் மையத்தில் விசாரித்தேன். ஒரு மாதம் தங்கச் சொல்லி, என் இரண்டு மாதப் பென்ஷனைக் கேட்டார்கள். பேசாமல் திரும்பிவிட்டேன்.

அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து சிகரெட் அட்டையிலேயே 1800-11-2356 என்ற இலவச எண்ணை அச்சிட ஆரம்பித்தார்கள். ஆத்துக்காரிதான் காட்டினாள். கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள். விடும் தேதியை என்னையே குறிக்கச் சொல்லி, பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். செலவு, டாக்டரைக் கேட்டு வாங்கிய நிகோடின் கம் மட்டும்தான். அதைத் தொடர்ந்து மெல்லக் கூடாது. சற்று மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும். முதல் சில நாள் எரிச்சல், தூக்கமின்மை. மூன்று வாரத்தில் தணிந்தது.

செல்போன் விளையாட்டை விட முடியாத பேரன்மார்களுக்கும் வழி உண்டு. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416; இதுவும் இலவசம். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

இதையெல்லாம் உங்கள் முன் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெட்கம்தான் என்னை இத்தனை வருஷம் கேட்க விடவில்லை. உங்கள் அகத்தில் யாராவது ஒளிந்து பிடித்தால் திட்டாதீர்கள். அட்டையில் இருக்கும் எண்ணைக் காட்டுங்கள்.