பாம்புக்கடி மருந்து: பயமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

(மட்டக்களப்பு வாவிக்கரைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாரி தொடங்கப் போகிறது. தென்னந்தோட்டத்திலும் மரமுந்திரிகைத் தோட்டத்திலும் புல் வளரும், எலி சேரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஆகவே சம்பளக் கதைக்கு முன் இந்தக் கதையைப் பேசுவோம்.

பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. இந்தியாவில் செய்து இங்கே வருகிறது. நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை அது முறிக்கும். சிங்களத்தில் 'குணகட்டுவா' என்று சொல்லும் சிறு விரியனுக்கு அது வேலை செய்யாது.

அதனால் கடிபட்ட எல்லோருக்கும் அதை ஏற்றமாட்டார்கள். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண் இமை தொங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். விஷம் ஏறிய அடையாளம் இருந்தால்தான் மருந்து. 'வந்து இவ்வளவு நேரம், இன்னும் ஊசி போடவில்லை' என்று வாட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

ஏனென்றால் இந்த மருந்து உயிரையும் காக்கும், ஒவ்வாமையும் தரும். நமது நாட்டில் 1007 நோயாளரிடம் செய்த ஆய்வு 2011 இல் வெளியானது. நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. முன்கூட்டியே சிறிதளவு அட்றினலின் கொடுத்தவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது.

எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்கு மருந்து ஏறத் தொடங்கியதும் உடம்பு நடுங்கித் தடிப்பு எழும்பியது. வீட்டார் பயந்து சேலைனைக் கழற்றிக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். தாதி தடுத்தார். மருந்தை நிறுத்தி, அட்றினலின் போட்டு, தேறியபின் திரும்ப மெதுவாக ஏற்றினார்கள். அக்கா இன்று இங்கே முன்வரிசையில் இருக்கிறார்.

ஆகவே மருந்து ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் கவனியுங்கள். சொறி, தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம், குளிர்நடுக்கம் எது கண்டாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். நீங்களாகக் கழற்றாதீர்கள். ஆஸ்துமா உண்டா, முன்பு இந்த மருந்து ஏற்றினதா, கர்ப்பமா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளைக்கும் பெரியவருக்குரிய அளவே ஏற்றுவார்கள். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

வீடு வந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். சிறுநீர் குறைந்தாலும் அப்படியே.

கடித்தவுடன் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எண்ணெய் விரியன் இரவில் நிலத்தில் படுத்தவரைக் கடிக்கும், வலி தெரியாது. விடியலில் வயிற்றுவலியோடு கண் சொருகினால் தாமதிக்காதீர்கள்.

படுவான்கரையில் இருந்து ஒருகாலம் பாதையில் வாவி கடந்தோம். 2014 இல் மண்முனைப் பாலம் வந்தது. பாலம் இருந்தும் வாகனம் இல்லையென்றால் என்ன பயன்? தோட்டத்தில் இரவிலும் ஒரு வாகனம், வேலைக்குச் சப்பாத்து, லைனுக்கு வெளிச்சம்: இவை நமது கோரிக்கைகள். வேலையில் கடித்தால் அன்றே பதிவுப் புத்தகத்தில் எழுதுவியுங்கள். நட்டஈடு கேட்க அந்த ஒரு வரிதான் சாட்சி.