எழுத்தின் பயன் யாது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுதுவோன் எவனும் ஒருநாள் தன்னைத்தானே வினவிக்கொள்ளும் வினா ஒன்றுண்டு: 'யாம் எதன் பொருட்டு எழுதுகின்றோம்? படிப்போர் உள்ளத்தில் அஃது ஏதேனும் செய்கின்றதா?' பரிசிலுக்காகப் பாடிய காலம் கழிந்தது. புகழுக்கெனில், நமது பத்திரிகை இல்லம் புகுந்ததும் திருமண அறிவிப்புக்களும் மரண அறிவிப்புக்களுமே முதற்கண் படிக்கப்படுகின்றன என்பதை யாம் அறிவோம். கட்டுரையின் முறை அவற்றின் பின்னரே வரும்.

இவ்வினாவிற்கு விடை தேடுங்கால் அ. மாதவையா அவர்களின் நினைவு எழுகின்றது. இளமையிற் கைம்மை எய்தும் ஒரு பெண்ணின் துயரத்தை அவர் 1892-ஆம் ஆண்டு 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என எழுதத் தொடங்கினார். அஃது இடையிலே நின்றுபோயிற்று. அவர் கைவிட்டாரல்லர், 1903-இல் 'முத்துமீனாட்சி' என்னும் நூலாக அதனை வெளியிட்டார். 1925-இல் அவர் மறைந்தார். பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் நிரம்புமுன் மணம் செய்விப்பதைக் குற்றமாக்கிய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியது. அந்நூலாலேயே அச்சட்டம் பிறந்தது என்று கூற யாம் துணியோம். அதற்குப் பலர் உழைத்தனர். ஆயினும், அந்நூலைப் படித்த தந்தை ஒருவர் தம் மகளின் மணத்தை ஈராண்டு தள்ளி வைத்திருப்பின், அச்செய்தி ஆசிரியர் செவிக்கு எட்டியிராது. எழுதுவோன் தன் விளைச்சலைப் பெரும்பாலும் காண்பதில்லை.

இனி, நம் நிலைமைக்கு வருவோம். வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. நம் பத்திரிகையும் அவ்வழக்கத்தைப் பன்முறை கண்டித்துள்ளது. 'கட்டுரை வெகு நயம்' என்று எம்மைப் பாராட்டியவரே, மறு திங்களிற் பெண் வீட்டாரிடம், 'எங்களுக்கு ஒன்றும் வேண்டா. உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்' என்று மொழிந்துவிட்டு, எத்தனை சவரன் என்பதைச் செவி சாய்த்துக் கேட்கின்றார். மற்றொருவரோ, 'என்னைக் குறித்துத்தானே எழுதினீர்?' என்று எம்மைச் சினந்து வினவினார். இவ்விருவருள் கட்டுரையை மெய்யாகப் படித்தவர் சினந்தவரே என்பது எம் துணிபு. நயம் கண்டவர் தம்மை அதன்கண் கண்டிலர்.

ஆதலின், அன்பர்காள், யாம் வேண்டுவது பாராட்டன்று. உங்கள் இல்லத்தில் மணப்பேச்சுத் தொடங்குமுன், இவ்விதழை உங்கள் மகனைக்கொண்டே உரக்கப் படிக்கச் செய்யுங்கள். தாயும் தந்தையும் உடனிருந்து கேளுங்கள். கேட்டபின் ஒரு சவரனாவது குறையுமாயின், யாம் எழுதியது வீண்போகவில்லை. அதனை எமக்கு அறிவிக்கவும் வேண்டுவதில்லை.