கனத்த உடம்பும் சைக்கிளும்



நம் தோட்டங்களுக்குச் சைக்கிள் புதிய பொருளன்று. விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும், பின் கேரியரில் பால் டின்னைக் கட்டிக்கொண்டு அப்பாமார்கள் நிரைக்குப் போன காட்சியை, இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு அந்தப் பழைய வண்டி பல வீடுகளில் கோழிக் கூண்டின் அருகே சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை மீண்டும் வெளியே எடுப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். குறிப்பாக, "இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சைக்கிள் ஓட்டுவது?" என்று தயங்குகிறவர்களோடு பேசப்போகிறோம்.

முதலில் உடம்பு கனத்த கதையைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் நாள் முழுவதும் நடந்தார்கள், மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்தார்கள், வாளி சுமந்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு தட்டுச் சோறு போதவில்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. இன்று நம்மில் பலர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறோம். காவலாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். கடைக்குப் போக மோட்டாரை எடுக்கிறோம். உழைப்புக் குறைந்தது, தட்டு மட்டும் குறையவில்லை. அதோடு கெட்டிப்பால் ஊற்றிய தே, ரொட்டி சானாய், பொரித்த மீ என்று புதியவையும் சேர்ந்துகொண்டன.

இதன் விளைவை அரசாங்கத்தின் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை கொண்டிருந்தார்கள். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இரண்டிலும் இந்தியர்களாகிய நம் நிலை மற்ற இனத்தாருடையதைவிட மோசமாக இருந்தது. நம் லயத்து வீடுகளை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். இனிப்பு நீரால் கால் விரலையோ காலையோ இழந்த ஒருவரை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது.

உங்கள் நிலையை அறிய ஒரு தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால் எச்சரிக்கை வேண்டும்.

சரி, உடற்பயிற்சி செய்ய வேண்டும். அதற்குச் சைக்கிள்தான் வேண்டுமா, நடந்தால் ஆகாதா என்று கேட்கலாம். நடப்பது மிக நல்லது. ஆனால் கனத்த உடம்புக்காரர் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது. பத்து நிமிடத்தில் முழங்கால் வலிக்கிறது. மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சைக்கிளில் உட்கார்ந்தால் உடம்பின் பெரும்பகுதிப் பாரத்தைச் சீட்டும் கைப்பிடியும் தாங்கிக்கொள்கின்றன. கால்கள் சுழல மட்டுமே வேண்டும். மூச்சும் வாங்குகிறது, தசையும் வேலை செய்கிறது, மூட்டும் பிழைக்கிறது. கனத்தவர்களுக்குச் சைக்கிள் ஏற்றது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

எங்கள் தோட்டத்தில் நால்வர் ஒன்றுசேர்ந்து இதைத் தொடங்கினோம். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் அக்காள் ஒருவர். பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். தொழிற்சாலைக்குப் போகும் தம்பி ஒருவர். நான்காவது ஆள், இப்போது உங்களோடு பேசுகிற பள்ளி ஆசிரியர். நால்வரும் கனத்த உடம்புக்காரர்களே. எங்கள் அனுபவத்தில் கண்டதையும் மருத்துவர்கள் கூறியதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், நெஞ்சு வலி இவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஓட்டும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, இடது கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ உடனே இறங்கி உதவி கேட்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்" என்று இருக்கக் கூடாது.

அடுத்து வண்டி. எடை குறைந்த பந்தயச் சைக்கிள் நமக்கு வேண்டாம். இரும்புச் சட்டம் போட்ட பழைய பெரிய சைக்கிளே நல்லது. பல புதிய வண்டிகள் 100 அல்லது 120 கிலோ வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே வாங்கும்போது தவுக்கேயிடம் கூச்சப்படாமல் நம் எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் பாரத்தில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. அதனால் பின் சக்கரத்துக் கம்பிகள் நிறைய இருப்பதும், அவை ஒரே அளவில் இறுகியிருப்பதும் அவசியம். எங்கள் தம்பி இதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் மூன்று கம்பிகள் உடைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார்.

டயர் சற்று அகலமாக இருக்கட்டும். டயரின் ஓரத்தில் எத்தனை காற்று என்று எழுதியிருக்கும். கனத்தவர்கள் அதில் மேல் அளவை ஒட்டி அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்தால் கல்லில் இடித்து டியூப் வெட்டிப்போகும். பிரேக்குக் கட்டைகளையும் பாருங்கள். கனத்த ஆள் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். மழையில் இன்னும் கூடுதலாக வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

சீட்டின் உயரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். விழுந்துவிடுவோம் என்று பயந்து மிகத் தாழ்த்தி வைக்கிறார்கள். அப்படி ஓட்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். கால் ஊன்றிப் பழகும் வரை முதல் சில நாட்களுக்குச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக உயர்த்தலாம். முதல் வாரம் உட்காரும் இடம் வலிக்கும், அது இயல்பு. மெத்தென்ற சீட்டு நல்லதென்று தோன்றும், ஆனால் அதில் உடம்பு புதைந்து இன்னும் உராயும். அகலமாகவும் ஓரளவு உறுதியாகவும் இருப்பதே நல்லது.

இனி எவ்வளவு ஓட்டுவது? முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மேடில்லாத செம்மண் சாலையில் போய்த் திரும்பினால் போதும். மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள், தள்ளுவதும் பயிற்சிதான். பல்சக்கரம் மாற்றும் வசதியுள்ள வண்டியானால் இலகுவான பல்லில் வைத்துக் கால்களைச் சற்று விரைவாகச் சுழற்றுங்கள். பலம் கொடுத்து மிதித்தால் முழங்கால் கெடும். ஓட்டும்போது பக்கத்து வண்டிக்காரரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால், ஐந்து வாரங்களில் அரை மணி நேரத்தை எட்டலாம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்றால் 150 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குக் குறைந்த அளவாகச் சொல்வதும் அந்த 150 நிமிடம்தான்.

இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சில வார்த்தைகள். உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அந்த நன்மை ஓட்டி முடித்த பிறகும் ஒரு நாள் வரையிலோ அதற்கு மேலோ நீடிக்கக் கூடும். ஆகவே சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடாமல் ஓட்டுவது நல்லது. இன்சுலின் ஊசி போடுவோருக்கும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரை உண்போருக்கும் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக் கூடும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் இறங்கிவிடுங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். அதை உடனே வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். சிலிப்பர் போட்டு ஓட்ட வேண்டாம். மூடிய சப்பாத்து அணிந்து, வீடு வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சிறு கொப்புளமும் பெரும் புண்ணாகும்.

காலையில் வெயில் ஏறுமுன் ஓட்டுவது நல்லது. இருட்டாக இருந்தால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், தலைக்கவசமும் வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரி திரும்பும் இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். லாரியின் பக்கத்தில் ஒட்டிப் போகிறவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

இத்தனையும் செய்துவிடலாம். ஒன்றுதான் கடினம். அது ஊர்ச் சிரிப்பு.

எங்கள் ஆயா அக்காள் முதல் நாள் வண்டியில் ஏறியபோது, லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து கைகொட்டிச் சிரித்தார்கள். பெரியவர்கள் சிலரும் வாசலில் நின்று சிரித்தார்கள். "ஐம்பது வயசில் பொம்பளைக்கு இது தேவையா?" என்ற சொல்லும் காதில் விழுந்தது. அக்காள் வண்டியை உள்ளே வைத்துவிட்டார். நான்கு நாள் வெளியே எடுக்கவில்லை. அவருடைய மூத்த சகோதரி இனிப்பு நீரால் ஒரு காலை இழந்தவர். அந்தப் பயத்தில்தான் அவர் எங்களோடு சேர்ந்தார். அந்தப் பயத்தையும் சிரிப்பு வென்றுவிட்டது.

ஓய்வு பெற்ற பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியலில் தம் வண்டியோடு அக்காள் வீட்டு வாசலில் போய் நின்றார். கால் மணி நேரம் நின்றுவிட்டுத் தனியாகப் போனார். அதற்கடுத்த நாளும் நின்றார். மூன்றாம் நாள் அக்காள் கதவைத் திறந்து, "ஐயா, உங்களை நிற்க வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று சொல்லி வண்டியை எடுத்தார். சிரித்த பிள்ளைகளை வகுப்பில் நாங்கள் கண்டிக்கவில்லை. டயருக்குக் காற்றடிக்கக் கூப்பிட்டோம். ஒரு மாதத்தில் யார் முதலில் அடிப்பது என்று அவர்களுக்குள் சண்டை வந்தது.

மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தோம். பெரியவர் மூன்று கிலோவும் தம்பி ஐந்து கிலோவும் குறைந்திருந்தார்கள். ஆசிரியருக்கு நான்கு கிலோ. அக்காளுக்கு ஒரே ஒரு கிலோ. அவர் அழுதுவிட்டார். "இவ்வளவு அவமானப்பட்டு ஒரு கிலோவா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்த வாரம் கிளினிக்கில் அவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை இருந்தது. முன்பு 8.8 ஆக இருந்த அளவு 7.9 ஆக இறங்கியிருந்தது. இரத்தக் கொதிப்பும் குறைந்திருந்தது. இடுப்பு நாடாவில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மருத்துவர் அவரிடம், எடை இறங்கும் முன்பே இரத்தமும் இருதயமும் நலமடையத் தொடங்கிவிடும், நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னார்.

எடை ஏன் மெதுவாக இறங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 90 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் நிதானமாகச் சைக்கிள் ஓட்டினால் ஏறத்தாழ 180 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாயில் மட்டும் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. ஓட்டி முடித்த களைப்பில் கடையில் உட்கார்ந்து பசியாறினால் ஓட்டியதும் போய், மேலும் சேரும். எடை குறைய வேண்டுமானால் தட்டையும் குறைக்க வேண்டும். அக்காள் இப்போது கெட்டிப்பாலை விட்டுத் தே ஓ குடிக்கிறார், அதுவும் சீனி இல்லாமல். சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் காயையும் கூட்டியிருக்கிறார். எடையும் இப்போது மெல்ல இறங்குகிறது.

நேயர்களே, சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். நம் பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் நம் உடம்பை நம்பியிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு சைக்கிள் கிடந்தால், நாளைக்கே துடைத்து எண்ணெய் போடுங்கள். பழுது பார்த்த பிறகு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு வண்டி ஓட்ட முடியாமற்போனாலும், ஓட்டத் துணிந்த ஒருவரைக் கண்டு சிரிக்காதீர்கள். முடிந்தால் அவர் வாசலில் போய் நில்லுங்கள்.