கரண்டியும் நோட்டும்

உணவு அறிவியலில் முதுகலை படிக்கிற பிள்ளைகளுக்கு இன்று ஒரு தகவல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. கிண்டுகிற கை கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துவிடும். எப்போது இறக்குவது? கரண்டியில் ஒட்டுவதைப் பார்த்தே மாஸ்டர் சொல்லிவிடுவார். அவர் கண்ணால் பார்க்கும் பதத்தை நீங்கள் ஈரப்பதமாக அளக்கிறீர்கள்.

அளந்ததை நோட்டில் எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். தீய்ந்துபோனதையும் எழுதுங்கள். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஏன் தீய்ந்தது என்பதில்தானே ஆராய்ச்சியே தொடங்குகிறது!

நாளை மைசூரு உணவு ஆராய்ச்சி நிலையத்திலோ ஒரு பால் பண்ணையிலோ வேலைக்குப் போனால், "நீங்களாகச் செய்து பார்த்தது என்ன?" என்று கேட்பார்கள். பதில் அந்த நோட்டில் இருக்கும்.

நம் சிவகாசி நோட்டு ஒன்றை இன்றே வாங்கிவிடுங்கள். அப்படியே ஒரு பால்கோவா அடுப்படிக்கும் போய்வாருங்கள்.